கட்டுப் போட்ட கத்தி

மச்சான்,

நேற்று என்னிடம் இரத்தம் எடுத்த தாதி, ஊசி குத்திய இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டினாள். இப்போது வருகிற மெல்லிய, மணமில்லாத சாமான் இல்லை. சுருளிலிருந்து சர்ரென்று கிழித்தெடுக்கிற பழைய வெள்ளைத் துணிப் பிளாஸ்டர். மற்றது முடிந்துவிட்டது என்று மன்னிப்பும் கேட்டாள். அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை, ஒரு பழைய சிநேகிதன் என்றேன். கிழவனுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

உனக்கு நரைக்கவே இல்லை. எனக்கோ தலையில் நரைப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் அந்த வாசம் வந்தால் நான் ஹனோவருக்குப் பக்கத்துச் சின்ன ஊரில், அகதிகளைப் போட்டு வைத்திருந்த விடுதியில், நம்முடைய அறையில்தான் நிற்பேன். நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நிற்பாய். வலது கையில் வண்ணத்துப்பூச்சிக் கத்தி. ஒரு அலகு, அதை இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிற இரண்டு பிடிகள். மணிக்கட்டை ஆட்டினால் பிடிகள் செட்டை போல விரியும், மடங்கும். உன் கத்தியில் அலகு தெரியாது. முனையிலிருந்து அடிவரை வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருக்கும்.

என் பிள்ளைகள் என்றைக்காவது இதை வாசிக்கக்கூடும். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாணத்தில் நீ உன் மாமாவின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவன். இராணுவம் சுட்ட ஒரு பெடியனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வந்தது. எல்லா வீட்டிலும் செய்வதுபோல அந்த வீட்டாரும் கல்வெட்டு அடித்துக் கொடுக்க விரும்பினார்கள்: செத்தவரின் படம், பிறந்த கதை, நாலு புலம்பல் பாட்டு, பின்பக்கத்தில் நன்றி. அந்தச் சின்னப் புத்தகத்தில் எப்படிச் செத்தான் என்பதையும் போடச் சொன்னார்கள். நீ போட்டாய். பிறகு சுட்டவர்கள், அந்த இராணுவத்தார், அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். எந்தக் கையால் எழுத்துக் கோர்க்கிறாய் என்று கேட்டார்கள். மடையா, நீ வலது கையை நீட்டினாய். அதைக் கல்லின்மேல் வைத்துத் துவக்குப் பிடியால் இடித்தார்கள். நாலு விரல்.

ஜெர்மனிக்கு வந்தபோது அந்த விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. சட்டைப் பொத்தான் போட ஏலாது, கரண்டி பிடிக்க ஏலாது. காலையில் நான்தான் உனக்குப் பொத்தான் பூட்டிவிடுவேன். நீ அந்த நேரம் முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அகதி வழக்குக்கு வேறு சாட்சி கிடையாது. அச்சுக்கூடத்தை எரித்தாயிற்று, மாமா வாய் திறக்கப் பயந்தார். நமக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மா உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர், "உங்கட கைதான் உங்கட சாட்சியாம். டொக்டர் ஒருவர் பாத்து எழுதித் தருவாராம். பத்திரமா வைச்சிருக்கட்டாம்" என்றார். வெளியே வந்ததும் நீ சிரித்தாய். "பத்திரமா வைச்சிருக்க இதென்ன பாஸ்போட்டோ?"

வேலை செய்யச் சட்டம் விடவில்லை. மாவட்டத்தைத் தாண்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். விடிந்தால் பொழுதுபடும் வரைக்கும் சும்மா இருப்பதுதான் தொழில். அப்படியொரு நாளில்தான் ரயில் நிலையத்தில் ஒரு ஜெர்மன் இளைஞன் அந்தக் கத்தியைச் சுழற்றிக்கொண்டு நின்றதைக் கண்டோம். நான் கத்தியைப் பார்த்து ஒதுங்கினேன். நீ கையைப் பார்த்தாய். "அவன்ர விரலைப் பார் மச்சான். ஒண்டொண்டாத் தனித்தனியா வேலை செய்யுது" என்றாய். அடுத்த சனிக்கிழமை பழஞ்சாமான் சந்தையில் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். விடுதியில் கத்தி வைத்திருக்கிற அகதியை என்ன செய்வார்கள் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ சுழற்றத் தொடங்குமுன் அந்தக் கத்தியை மேசையில் வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்தப் பிடி மடங்கும்போது அலகின் கூர்ப்பக்கத்தில் முட்டுகிறது, எது மொட்டைப் பக்கத்தில் முட்டுகிறது என்று பார்த்தாய். மொட்டைப் பக்கத்துப் பிடிதான் உள்ளங்கையில் இருக்க வேண்டும். மற்றதைப் பிடித்தால், அலகு சுழன்று வரும்போது கூர் நேரே விரலில் விழும். மறந்துபோகக் கூடாதென்று நல்ல பிடியின் துளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாய். "நூல் கட்டினவர் எங்கட ஆள். மற்றவர் கடிநாய்" என்று எனக்கு அறிமுகமும் செய்துவைத்தாய். பிறகு விடுதியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் சுருள் வாங்கி வந்து, கூரும் முனையும் மறையும்வரை சுற்றினாய்.

கட்டில் மெத்தைக்கு மேலே கையை நீட்டி நிற்பாய், விழுந்தால் மெத்தையில் விழட்டும் என்று. அறைக்குள்ளும் சப்பாத்து. பிடிகளைப் பூட்டியிருந்த ஆணி ஆடுகிறதா என்று எடுக்கிறபோதெல்லாம் பார்ப்பாய். என்னை யன்னலுக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்வாய். எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் ஒன்று இருந்தது. விழுவதைக் கண்டால் கை தானாகவே பிடிக்கப் போகும். அதைப் போகவிடாமல் வைத்திருக்க வேண்டும். "விழுந்தா விடு. பிடிக்கப் போகாதை" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு, வேண்டுமென்றே கத்தியை நழுவவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் துள்ளுவாய். சுடுசட்டியில் கை வைத்தவன் மாதிரி. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பேன். அந்த விடுதியில் நான் சிரித்த சிரிப்பெல்லாம் உன் புண்ணியம்.

விடுதிக் காவலாளியை உனக்கு ஞாபகம் இருக்குமா? நமது கறி மணத்துக்காகத் தினமும் கதவைத் தட்டிச் சண்டை பிடிக்கிற மனுசன். ஒருநாள் தட்டாமலே கதவைத் திறந்தார். நீ கத்தியோடு நிற்கிறாய். பொலிஸ் வரும், வழக்குப் போகும், நாங்களும் போவோம். அவர் கிட்ட வந்து, சுற்றிய பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, "கத்திக்கு என்ன காயம்?" என்று கேட்டார். நமக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். யாரிடமும் சொல்லவுமில்லை. மறுநாள் வந்து கறி மணத்துக்குச் சண்டை பிடித்தார்.

முதலில் ஒரே ஒரு வித்தைதான். நூல் கட்டிய பிடியை வைத்துக்கொண்டு மற்றதை விரல்முட்டிகளுக்கு மேலே போகவிட வேண்டும். அலகு அதன் பின்னால் போகும். மணிக்கட்டைத் திருப்பினால் மறுபடி உள்ளங்கைக்கு வந்து சேரும். உன் விரல்கள் முதலில் அதைத் தாங்கவில்லை. பொத்தென்று மெத்தையில் விழும். எடுப்பாய். விழும். நோவில் வேர்க்கும் உனக்கு, அந்தப் பனிக்காலத்திலும். கொஞ்சம் கொஞ்சமாக மோதிரவிரல் அசைந்தது. பிறகு சின்னவிரல்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

"விசரே உனக்கு? கை சரிவந்தா கேஸ் தோத்துப் போகும். டொக்டர் பாக்கேக்க மடங்கின கையாக் கிடக்கோணும்" என்றேன்.

"அப்ப என்ன செய்ய?"

"விடு. விசா வரட்டும். பேந்து நல்லாச் சுழட்டு."

"விசா வர மட்டும் விரல் பாத்துக்கொண்டு நிக்குமோ? இறுகினா இறுகினதுதான். பேந்து ஏலாது." விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "உடைச்சவங்களுக்கும் இது மடங்கினபடி கிடக்கோணும். இப்ப உனக்கும் மடங்கினபடி கிடக்கோணும். எனக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. ஒரே அறையில், ஒரே சட்டியில் சமைத்துக்கொண்டு, கதைக்காமல் இருந்த மடத்தனத்தை என்னவென்பது.

ஒரேயொரு தடவைதான் நீ உன் சட்டத்தை மீறினாய். ஊரில் உன்னோடு படித்தவன் ஒருவன் செத்த செய்தி வந்த நாள். பிளாஸ்டரை உரித்தெறிந்துவிட்டு, வெறும் அலகோடு, கோபத்தில் சுழற்றினாய். நூல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. சுட்டுவிரலின் உட்பக்கம் பிளந்தது. பழைய தழும்புக்குக் குறுக்கே. நான் துவாயைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ நோகிறது என்று சொல்லவில்லை. "கோவத்தோட எடுக்கப்படாது" என்று மட்டும் சொன்னாய், பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பதுபோல.

பிறகு ஒரு காலை நான் கண் விழித்தபோது நீ யன்னலடியில் நின்றாய். சட்டையின் எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது. கழுத்துப் பொத்தான் உட்பட. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதேன். மகிழ்ச்சியா, பயமா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வைத்தியரிடம் போகிற நாள் வந்தது. முதல்நாள் பின்னேரம் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். நான் கதிரையில் வைத்தியர். "நோகுதா?" "ஓம், நோகுது." "விரலை மடக்கும்." "ஏலாது, ஐயா." இதில் பொய்யும் இல்லை. குளிர் பட்டால் உனக்கு உயிர் போகும். இரண்டு விரல் நுனியில் உணர்ச்சி கிடையாது. அதைச் சொன்னாலே போதும் என்றேன். ஓம் ஓம் என்றாய். மறுநாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து வாரி, சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தாய். "டேய், உடைஞ்ச கையைக் காட்டப் போறியோ, பொம்பிளை பாக்கப் போறியோ?" என்று கேட்டேன். ஒரு பெரிய மனிதரிடம் போகும்போது அழுக்காகப் போவதா என்றாய்.

நீயும் மொழிபெயர்ப்பாளரும் உள்ளே போனீர்கள். நான் நடையில் இருந்தேன். நேரம் போயிற்று. மூடிய கதவுக்குப் பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவர் மட்டும், சந்தோசமாக, பட் பட்டென்று தட்டினார். என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் வைத்தியர் கைதட்டுகிற பரிசோதனை நமக்கு நல்லதாக இருக்க முடியாது என்று தெரிந்தது.

டிராமில் நீ சொன்னாய். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்.

"நல்ல மனுசன் மச்சான். கையுறை போடாமல் என்ர கையைப் பிடிச்சவர். ஒவ்வொரு விரலாத் தடவினவர். எப்பிடி இருக்கிறியள், கை எப்பிடி எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"சுகம், நன்றி எண்டு."

"அட பாவி."

"பேந்து பாவம், பாவம் எண்டு தலையை ஆட்டினவர். உண்மையா மனம் நொந்து போனார். எனக்கு அதைப் பாக்க ஏலாமல் போட்டுது. மேசையில பேனை கிடந்தது. எடுத்துச் சுழட்டிக் காட்டினன். கவலைப்படாதையுங்கோ ஐயா, பாருங்கோ, நான் திருத்திப்போட்டன் எண்டு."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தாராம். வைத்தியர் கைதட்டினாராம்.

நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம். சுகமா என்று கேட்டால் சுகம் என்போம். பாயில் சாகக் கிடப்பவனும், பார்க்க வந்தவர் கேட்டால் சுகம் என்பான். வந்தவரைக் கவலைப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் மரியாதை. அந்த நாட்டில் அது வழக்கின் கேள்வி, பதிலை எழுதிக்கொள்வார்கள் என்பது நமக்கு எங்கே தெரிந்தது? அச்சுக்கூடத்தில் எந்தக் கை என்று கேட்டவனுக்கும் உண்மையை நீட்டினாய். இங்கே அன்பாகக் கேட்டவருக்கும் அதே கையை நீட்டினாய். உன்னைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. நீ அந்த டிராம் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். திட்டவில்லை.

முடிவு வந்தபோது அதில் இருந்ததை வழக்கறிஞர் அம்மா வாசித்துச் சொன்னார். விரல்களின் இயக்கம் நன்றாக இருக்கிறது, சொல்லப்பட்ட சித்திரவதையோடு அது பொருந்தவில்லை. மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம், விடக் கூடாது என்றார் அம்மா. செய்தோம். அது எங்கேயோ ஒரு கட்டிடத்தில் கிடந்தது. நீ கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாய்.

பிறகுதான் அந்த ஆடி மாதம் வந்தது. எண்பத்தேழு. இந்தியாவும் இலங்கையும் கையெழுத்து வைத்துவிட்டன, சமாதானம் என்று விடுதி முழுக்க ஒரே பேச்சு. விருப்பத்தோடு திரும்புகிறவர்களுக்குப் பயணச்சீட்டுக் கொடுப்பார்கள் என்றார்கள். உன் மாமா தொலைபேசியில் வந்தார். அச்சுக்கூடத்தைத் திரும்பவும் போடுகிறாராம். ஆள் வேண்டுமாம்.

"கையும் சரி. ஊரும் சரி. இனி இங்க இருந்து என்னத்தைக் கிழிக்க?" என்றாய்.

நான் சண்டை பிடித்தேன். கெஞ்சினேன். ஒரு மாதம் பொறு, பார்ப்போம் என்றேன். கேட்கிற ஆளா நீ? விமான நிலையத்தில் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றேன். ஆட்கள் பார்த்தார்கள், வெட்கமாக இல்லை. நீ உன் இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். "விழுந்தா விடோணும். சொன்னனான் எல்லோ" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். உனக்கு எல்லாம் பகிடிதான்.

ஐப்பசியில் மறுபடி சண்டை தொடங்கியது, இந்தமுறை சமாதானம் காக்க வந்த இந்தியப் படையோடு. அடுத்த வருடம் உன் ஊர்க்காரர் ஒருவர் விடுதிக்கு வந்து சேர்ந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். சந்தியில் படையினர் ஆண்களை வரிசையாக நிற்பாட்டி, கைகளை நீட்டச் சொன்னார்களாம். உன் கையைப் பார்த்ததும் நின்றார்களாம். நாலு விரலிலும் தழும்பு, சுட்டுவிரலில் குறுக்கே இன்னொரு வெட்டு. இது எங்கே ஆயுதம் பழகிய கை என்று கேட்டார்களாம். நீ ஜெர்மனியைப் பற்றி ஏதோ சொன்னாயாம். ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பி இறக்கவில்லை.

இதை நான் எத்தனை தரம் நினைத்தேன் என்று கேட்காதே. விளக்கு வைத்துப் பார்த்த நாட்டில் அந்தக் கையில் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். அங்கே சந்தியில் நின்றபடி ஒரு பார்வையில் எல்லாவற்றையும் கண்டுவிட்டார்கள். யார்மேல் கோபப்படுவது? அந்த நல்ல வைத்தியர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

உன் அம்மா கடைசிவரை அந்தியேட்டி செய்ய விடவில்லை. எந்த நாளிலிருந்து முப்பத்தொன்று எண்ணுவது என்று கேட்டாவாம். அதனால் உனக்குக் கல்வெட்டும் இல்லை. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் எழுத்துக் கோர்த்த உனக்கு, ஒரு வரி அச்சாகவில்லை.

விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நீ விட்டுப்போன கத்தி என்னோடுதான் இருந்தது. பின்னொரு காலத்தில் அந்த வகைக் கத்தி வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் காய்ந்து மஞ்சளான பிளாஸ்டரைப் பார்த்து, ஏன் இப்படிச் சுற்றியிருக்கிறது என்று கேட்டார். புதிதாகப் பழகுகிறவருக்கு என்றேன். பழகிவிட்டீர்களா என்று கேட்டார். நானில்லை, என் சிநேகிதன் நன்றாகப் பழகினான் என்றேன். சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து கத்தி நழுவியது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் துள்ளினேன், இந்த வயதிலும். அவள் சிரிக்கவில்லை, அவளுக்குப் பழகிவிட்டது. குனிந்து கத்தியை எடுத்துக் கழுவினாள். ஓம், நீ சொல்லித் தந்தபடிதான் இருக்கிறேன். கோப்பை விழுந்தாலும் விடுவேன், கத்தி விழுந்தாலும் விடுவேன்.

கனவில் மட்டும் ஏலாது மச்சான். அங்கே நீ கழற்றக் கழற்ற, நான் திரும்பவும் உன் மணிக்கட்டைப் பிடிக்கிறேன்.